வரமும் வாரமும்

அயல்நாட்டு மெட்டு ஆலயத்துக்கு ஆகாது என்று சிலர் உரக்கச் சொல்லி வருகின்றனர். பண்பாட்டுமயமாக்கல் என்னும் பெரிய சொல்லையும் துணைக்கு அழைக்கின்றனர். மெட்டு பிறந்த ஊரைக் கேட்கும் இவர்கள், அதில் ஏற்றிய தமிழ் உயிரோடிருக்கிறதா என்று கேட்பதில்லை. அவர்களோடு நம் வழக்கு அங்கேதான்.

திருவாரூரில் 1775இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தார். புனித ஜார்ஜ் கோட்டையின் வாத்தியக் குழுவினர் இசைத்த மெட்டுகள் அவர் செவியில் விழுந்தன. ஸ்காட்லாந்தின் துள்ளல் நடன மெட்டொன்று அவர் கையில் ‘ஜகதீச குருகுஹ’ ஆயிற்று. ஆங்கில அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. நோட்டுஸ்வரம் எனப்படும் இவற்றை வெள்ளையனைப் பார்த்து ஆடிய கூத்து என்று தள்ளிவிடுவோர் ஒருமுறை பாடிப் பார்க்கட்டும். ‘பா’ என்னும் நெடில் ஒன்றரை அளவு நீளும் சுரத்திலும், ‘ஹி’ என்னும் குறில் அரை அளவுச் சுரத்திலும் அமர்ந்திருக்கும். மெட்டுக்காகச் சொல் ஊனப்படவில்லை. (தீட்சிதர் கிருதிகளை அச்சேற்றுமாறு சுப்பராம தீட்சிதரைத் தூண்டியவர்களுள் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவரும் ஒருவர். நம்மவர் பலர் இதை அறியார்.)

அதே காலத்தில் வியன்னாவில் பீத்தோவனும் ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களுக்கு இசையமைத்துக் கொண்டிருந்தார். எடின்பரோவின் ஜார்ஜ் தாம்சன் மெட்டுகளை மட்டும் அனுப்புவார். பாட்டின் சொற்களை அனுப்பமாட்டார். சொற்களை அனுப்புமாறு பீத்தோவன் மீண்டும் மீண்டும் கேட்டெழுதினார். அத்தகைய பாடல்கள் 25 அடங்கிய தொகுப்பு 1818இல் வெளிவந்தது. சொல் தெரியாமல் இசையமைக்க அந்த மேதைக்கே மனம் ஒப்பவில்லை.

நாமோ சொல் கையிலிருந்தும் அதைக் கொல்கிறோம். ‘வரம் தாரும்’ என்று எழுதிய பாட்டில் ‘வ’ நீண்ட சுரத்தில் மாட்டிக்கொள்ள, மக்கள் ‘வாரம் தாரும்’ என்று பாடுகின்றனர். கீரனூர்ப் பக்கத்து உழவர் இறைவனிடம் வாரத்துக்கு நிலம் கேட்பதாகவே அது ஒலிக்கிறது! மனத்தை ஒப்புக்கொடுக்க வந்தவர் மானத்தை ஒப்புக்கொடுத்துத் திரும்புகிறார். இது ஆங்கில மெட்டின் குற்றமன்று. நம் நாட்டுத் திரைமெட்டில் ஏற்றிய பாட்டுகளிலும் இதே கோரம் உண்டு.

மறைபரப்பு நாடுகளின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டுச் சாசனத்தில் பணித்தது. தபேலாவைப் பீடத்தருகே வைத்துவிட்டால் அப்பணி முடிந்ததென்று நினைப்பவர்களுக்கு என்ன சொல்வது? குறிலும் நெடிலும் தமிழிசையின் எலும்பு அல்லவா?

தவக்காலத்தில் வியாகுலப் புலம்பலை ஏடு பாராமல் ஒரு மணி நேரம் பாடும் மூதாட்டியர் நம் பங்கில் உண்டு. ஞாயிறு திருப்பலியில் அவர்கள் வாய் மூடி நிற்கின்றனர். ‘எங்களுக்கு அந்தப் பாட்டு வாயில் நிற்கவில்லை சாமி’ என்றார் ஒருவர். அவருக்குக் காது மந்தம் என்று பாடகர் குழுவினர் சிரித்தனர். நாமும் சிரித்தோம், அதற்காக இன்று வெட்கப்படுகிறோம். ஏனெனில் அது குருமட நாள்களில் நாமே மொழிபெயர்த்துத் தந்த பாட்டு.

அதை இந்தத் தவக்காலத்தில் நிறுத்திவிட்டோம். இப்போது எந்தப் புதுப்பாட்டையும் ஆர்மோனியம் இல்லாமல், தாளம் தட்டி, முதலில் வசனமாக அந்த மூதாட்டியிடம் வாசித்துக் காட்டுகிறோம். சென்ற வாரம் இரண்டைத் தள்ளிவிட்டார். அவற்றுள் ஒன்று சுத்தமான கர்நாடக ராகத்தில் அமைந்தது.