ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்

என் பெரியவனுக்கு அப்போது ஒன்றரை வயது. காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை தண்ணியாகப் போய்விட்டது. "தண்ணி குடுக்காதேம்மா, குடுத்தா இன்னும் போகும்" என்றார்கள் அத்தை. நானோ அதைவிடப் பெரிய தப்புச் செய்தேன். மருந்துக்கடையில் வாங்கிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, கெட்டியாக இருந்தால் சீக்கிரம் நிற்குமென்று, ஒரே டம்ளரில் கரைத்துப் புகட்டிவிட்டேன். சாயங்காலத்துக்குள் பிள்ளை துவண்டு விட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தண்ணியில கலந்தீங்க?" எனக்கு வாயே வரவில்லை. உப்பு அதிகமானால் உடம்பில் மிச்சமிருக்கும் நீரும் குறையும், வலிப்புகூட வரலாம் என்றார்கள். நல்லவேளை, மூன்றாம் நாள் வீடு திரும்பினோம்.

அதன் பிறகுதான் இந்த உப்பு நீரின் கதையைத் தேடிப் படித்தேன். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துக்கு வந்த அகதிகளிடையே காலரா பரவியது. எல்லையோரத்தில் உள்ள பன்காவ் ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைனோ தீர்ந்துகொண்டே வந்தது. வாயால் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் நீர் காலராவுக்குப் பலன் தரும் என்று 1968-ல் டாக்காவில் நடந்த ஆராய்ச்சி காட்டியிருந்தது. அதை நம்பி டாக்டர் திலீப் மஹலனாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று டிரம் டிரம்மாகக் கரைத்து வைத்தார். நர்ஸுகள் போதாததால், கூட வந்த அம்மாமார்களும் உறவுக்காரர்களுமே புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது!

காரணம் என்ன தெரியுமா? பேதியிலும் குடல் சர்க்கரையை உறிஞ்சும். சர்க்கரை போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். அளவு தப்பினால் எல்லாம் தப்பிவிடும்.

ஆகவே, சகோதரிகளே, இவற்றை மறக்காதீர்கள்:

பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரை முதலில் அளந்து வையுங்கள். பெரிய பாக்கெட்டுக்குக் கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர். சின்னதற்கு 200 மில்லி. பாதிப் பாக்கெட் கரைக்காதீர்கள். 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒவ்வொரு தடவை போன பிறகும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி மெதுவாகக் கொடுங்கள்.

தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். டாக்டரைக் கேட்டு, 14 நாள் துத்தநாக மருந்தும் கொடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். என்று பேர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களுக்கு அந்தப் பேரே கூடாதென்று, 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஆகவே வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கண் குழி விழுந்தாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, குழந்தை குடிக்க மாட்டாமல் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது என் சமையலறை அலமாரியில் இரண்டு பாக்கெட்டும், பக்கத்திலேயே ஒரு லிட்டர் பாட்டிலும் எப்போதும் இருக்கும். போன மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அத்தைதான் முதல் ஆளாகப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்!