சிலந்தி செய்த திருப்பணி

திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளிய ஈசன்மீது சருகுகள் உதிராதிருக்க, சிலந்தியொன்று நூலால் மேற்கட்டி அமைத்தது. நீர் முகந்து வந்து திருமஞ்சனம் ஆட்டிய யானை, அதனைத் தூய்மையற்றதெனச் சிதைத்தது. சிலந்தி மீண்டும் நெய்தது; யானை மீண்டும் அழித்தது. சினமுற்ற சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. அச்சிலந்தியே கோச்செங்கட்சோழராகப் பிறந்து சிவாலயங்கள் பல எழுப்பியதாகப் பெரியபுராணம் உரைக்கிறது.

வட்டவலை பின்னும் சிறு சிலந்திகள் பல, பழுதுற்ற வலையைத் தாமே உண்டு, அச்சத்தைக் கொண்டே புதுவலை நெய்கின்றன. பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற காஞ்சியை அடுத்த முசரவாக்கத்து அடியார்க்கு, அறுந்த இழையை முடிந்து மீண்டும் நெய்வதன் அருமையைச் சொல்லவேண்டுவதில்லை.

யானையின் நீரும் அன்பே. சிலந்தியின் நூலும் அன்பே. ஒருவர் தொண்டு மற்றவர் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றலாம். அதனைத் துடைத்தெறியுமுன் சற்றே பொறுத்தால், இரண்டும் பூசையாக நிலைக்கும்.