குரூப் தேர்வுக்கு முன் வரவேண்டிய வழிகாட்டல்: பள்ளிக் கல்வித்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மாண்புமிகு பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது முதல், ஒரு மாணவரின் வருங்காலத் தொழில் எந்தத் திசையில் செல்லும் என்பது பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்கும் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கும் இடைப்பட்ட சில வாரங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. மக்கள் பேச்சில் ‘குரூப்’ என்று வழங்கும் பாடப்பிரிவுத் தேர்வே அந்த முடிவு. பதினைந்து வயதில் எடுக்கப்படும் இம்முடிவின் விளைவு நெடுங்காலம் நீடிக்கிறது. உயிரியலை விட்டவருக்கு மருத்துவமும் அதைச் சார்ந்த படிப்புகளும், கணிதத்தை விட்டவருக்குப் பொறியியலும் பெரும்பாலும் எட்டாத் தொலைவாகின்றன. இத்தகைய முடிவைப் பல பள்ளிகளில் மதிப்பெண் ஒன்றே எடுக்கிறது. மிகுந்த மதிப்பெண் பெற்றவர் ‘ஃபர்ஸ்ட் குரூப்’புக்கும், அடுத்தவர் வணிகவியலுக்கும், எஞ்சியவர் தொழிற்கல்விப் பிரிவுக்கும் அனுப்பப்படுகையில், கணக்கியலில் உள்ளம் ஊன்றிய முதல் மதிப்பெண் மாணவியும், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவதில் தேர்ந்த கடைசி வரிசை மாணவனும் ஒருசேர இழப்புக்கு ஆளாகின்றனர். தொழிற்கல்விப் பிரிவு குறைந்த மதிப்பெண்ணுக்கான தண்டனை போல மாணவர் மனத்தில் பதிந்திருப்பதும் இவ்வழக்கத்தின் விளைவே.

ஒருவரின் நாட்டத்தையும் திறனையும் அறிந்து, அவற்றுக்கு இயைந்த தொழிலை அவரே தேர்ந்தெடுக்கத் துணைநிற்கும் முறையான பணி ‘தொழில் வழிகாட்டல்’ எனப்படுகிறது. இங்கு நாட்டம் என்பது ஒரு செயலில் மனம் தானாகச் சென்று நிலைப்பதையும், திறன் என்பது அச்செயலைப் பயிற்சியால் நன்றாகச் செய்ய வல்ல தன்மையையும் குறிக்கும். இரண்டும் எப்போதும் ஒருங்கே அமைவதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908இல் இப்பணிக்கென ஓர் அலுவலகம் தொடங்கிய பிராங்க் பார்சன்ஸ், அவர் மறைந்தபின் 1909இல் வெளிவந்த நூலில் மூன்று படிகளை வகுத்தார்: தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய்ந்து முடிவுசெய்தல். நூறாண்டுகளுக்குப் பின்னரும் இத்துறையின் அடித்தளம் இதுவே.

இந்திய நாட்டுக்கும் இக்கருத்து புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலர்களின் பணி எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் படிப்படியாகக் கிடைக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1964–66இன் கோத்தாரி கல்விக் குழுவோ, வழிகாட்டல் தொடக்கப்பள்ளியின் கீழ்வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்று மேலும் ஒரு படி சென்றது. ஒரு தமிழர் தலைமையில் எழுந்த பரிந்துரை எழுபதாண்டுகள் கடந்தும் இம்மண்ணின் எல்லாப் பள்ளிகளுக்கும் முழுமையாக வந்துசேரவில்லை என்பது வருந்தத்தக்கது.

2022ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ வழிகாட்டல் திட்டமும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்கான ‘கல்லூரிக் கனவு’ நிகழ்வுகளும், உயர்கல்வியில் சேராதோரைத் தேடிச் செல்லும் ‘உயர்வுக்குப் படி’யும் மனமாரப் பாராட்டத்தக்கவை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைக்கு அவை பெருந்துணை. ஆயினும் கல்லூரி வாசலில் கிடைக்கும் அறிவுரை, இரண்டாண்டுகளுக்கு முன்பே குரூப் தேர்வால் வரையறுக்கப்பட்ட எல்லைக்குள்தான் பயன்தர இயலும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்குள்ள மீனவர் குடியிருப்பில் வளர்ந்து, கடலைப் பற்றிய பட்டறிவை இயல்பாகவே பெற்ற ஒரு மாணவி, மீன்வள அறிவியல் பட்டத்துக்கு மேல்நிலையில் உயிரியல் படித்திருக்க வேண்டும் என்பதை வணிகவியல் பிரிவில் இரண்டாண்டு படித்து முடித்தபின் அறிந்தால், அச்செய்தியால் அவருக்கு என்ன பயன்?

பார்சன்ஸ் கூறிய இரண்டாம் படியான தொழில்களை அறிதல் என்பதில்தான் நம் மாணவர்கள் மிகவும் வறியவர்களாக உள்ளனர். மருத்துவர், பொறியாளர், ஆசிரியர், காவலர், ஆட்சியர் என்னும் ஐந்தாறு பெயர்களைத் தாண்டிச் செல்லாத மாணவரிடம் ‘உன் விருப்பம் என்ன’ என்று கேட்பது முறையான வினாவாகாது. காணாத தொழிலில் எவருக்கும் நாட்டம் பிறப்பதில்லை. சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும், கிண்டியில் உள்ள பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமும் பத்தாம் வகுப்பு முடித்தோருக்கே பட்டயப் படிப்புகளை வழங்குகின்றன. மாமல்லபுரத்தில் சிற்பமும் மரபுக் கட்டடக்கலையும் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. சட்டமும் ஆடை வடிவமைப்பும் எந்தக் குரூப் படித்தவருக்கும் திறந்திருக்கின்றன. பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அரசு ஏற்படுத்திய இவ்வழிகளை அரசுப் பள்ளி மாணவர் உரிய காலத்தில் அறியாதிருப்பது, அவ்வழிகள் இல்லாதிருப்பதற்கு ஒப்பானதே.

இக்குறையை ஒரு தேர்வுத்தாளால் நிரப்பிவிட இயலாது. ஜான் ஹாலண்ட் என்னும் உளவியலாளர் மனிதரின் தொழில் நாட்டங்களைக் கருவிகளோடு உழைத்தல், ஆராய்தல், படைத்தல், பிறருக்கு உதவுதல், முனைந்து நடத்துதல், ஒழுங்குபடுத்துதல் என ஆறாக வகுத்தார். அவ்வகைப்பாட்டின் வழிவந்த வினாத்தாள்கள் பயனுள்ளவையே. ஆனால் அவ்வினாத்தாளுக்கு விடை எழுதும் மாணவர் ஓர் ஆய்வகத்தையோ அச்சகத்தையோ நேரில் கண்டிராதவரானால், அத்தாள் அவருடைய நாட்டத்தையன்று, அவருக்கு வாய்த்த சூழலின் குறுக்கத்தையே அளக்கும். பெண்பிள்ளைகளின் விடைகள் வீட்டில் அவர்களுக்கு விதிக்கப்பட்ட எல்லைகளைப் பிரதிபலிக்கும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

ஆகவே எட்டாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு மாணவரும் தம் மாவட்டத்தின் தொழிலிடங்களை நேரில் காண ஏற்பாடு வேண்டும். திருப்பூரில் பின்னலாடை ஆலைகளும், சிவகாசியில் அச்சகங்களும், இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளும், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் இருக்க, அவற்றின் உள்ளே நடப்பதை அருகில் உள்ள பள்ளிப் பிள்ளைகள் அறியாதிருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்கு இதற்கென முறையான பயிற்சி அளித்து, அவருடைய பாடவேளைகளைக் குறைத்துக்கொடுப்பது இன்றியமையாதது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் பணிச்சுமையின் மேல் இதையும் ஏற்றினால் அது பதிவேட்டில் மட்டுமே நடக்கும். பெற்றோரின் அச்சத்தையும் எதிர்பார்ப்பையும் பேசித் தெளிவிக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்கள் உதவும்.

இவை வேரூன்றச் சில ஆண்டுகள் ஆகும். ஆனால் குரூப் ஒதுக்கீட்டைச் சீர்செய்ய ஓர் ஆணையே போதும். ஒவ்வொரு குரூப்பும் எந்தெந்தப் படிப்புக்கு வழிவிடும், எதற்கு வழிவிடாது என்பதை எளிய தமிழில் அச்சிட்ட கையேடு ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவர் கையில் சேரவும், மாணவர் எழுத்தில் தரும் விருப்பம் மதிப்பெண்ணோடு சமமாகக் கருதப்படவும், பொருந்தாத பிரிவில் சேர்ந்துவிட்டவர் முதல் பருவத்துக்குள் மாறிக்கொள்ளவும் வகைசெய்யும் ஆணையை, அடுத்த பதினோராம் வகுப்புச் சேர்க்கை தொடங்குமுன் அமைச்சர் அவர்கள் பிறப்பிக்குமாறு இம்மடல் வேண்டுகிறது.