நட்சத்திரம் பார்த்து வாங்கும் புரதத்தூள்

கலியாணத்திற்கு நட்சத்திரம் பார்ப்பது மடமை என்று நாம் எவ்வளவோ காலமாய் மேடைகளில் பேசி வருகின்றோம். கேட்பவர்களும் கைதட்டி ஒப்புக் கொள்ளுகிறார்கள. ஆனால் அப்படிக் கைதட்டின தோழர்களிலேயே பலர் இப்போது வேறொரு நட்சத்திரத்தைப் பார்த்துக் காசைக் கொட்டி வருகிறார்கள். அது கைப்பேசியில் தெரியும் நட்சத்திரம். புரதத்தூளானாலும், வைட்டமின் மாத்திரையானாலும், மீன் எண்ணெய்க் குளிகையானாலும் படத்துக்குக் கீழே நாலரை நட்சத்திரம் இருந்துவிட்டால் போதும். கூலிக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தில் இரண்டாயிரமும் மூவாயிரமும் கண்ணை மூடிக் கொண்டு அனுப்பப்படுகின்றது.

அந்த நட்சத்திரத்தைப் போட்டவர் யார்? உண்மையாகவே வாங்கிச் சாப்பிட்டவர் என்றே வைத்துக் கொள்வோம். அவர் என்ன பரிசோதனை செய்து போட்டார்? ருசியாயிருந்தது, சீக்கிரம் வந்து சேர்ந்தது, டப்பா நசுங்காமலிருந்தது என்பதற்காகப் போட்டார். ஒரு கரண்டியில் புரதம் 24 கிராமா, 12 கிராமா என்பது நாக்குக்கு எப்படித் தெரியும்? காசு வாங்கிக் கொண்டு நட்சத்திரம் போடுகிறவர்களோ தனிக் கூட்டம். அந்தப் புரட்டு முற்றிப் போனதால்தான் இந்திய சர்க்கார் 2022ல் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தர விதி வெளியிட வேண்டி வந்தது.

இது வெறும் வாதமல்ல. இந்தியாவில் விற்கும் 36 வகைப் புரதத்தூள்களை டாக்டர்கள் சிலர் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்து, 2024ல் "மெடிசின்" என்னும் வைத்தியப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். 100க்கு சுமார் 70 வகைகளில் டப்பாவின் மேல் போட்டிருந்த புரதக் கணக்கு சரியாயில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 100க்கு 14 வகைகளில் பூஞ்சைக் காளான் விஷமாகிய அப்ளாடாக்சினும் இருந்தது.

பரிசோதனை என்று ஒன்று இருக்கும்போது இந்தப் புரட்டு எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். பரிசோதனைச் சாலையில் சாதாரணமாய்ப் புரதத்தை நேராக அளப்பதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் என்பவர் 1883ல் கண்ட முறைப்படி, பண்டத்திலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி, இவ்வளவு புரதம் என்று கணக்குச் சொல்லுவார்கள். நைட்ரஜன் புரதத்தில் மட்டும்தானா இருக்கிறது? குடியானவத் தோழர்கள் வயலுக்குப் போடும் யூரியாவில் 100க்கு 46 பங்கு நைட்ரஜன்தானே! அந்தக் கணக்கின்படி பார்த்தால் யூரியா மூட்டை எந்தப் பயில்வான் தூளையும் தோற்கடித்து விடும். (தூளில் யூரியா கலக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை, கணக்கு ஏமாறும் விதத்தைச் சொல்லுகிறோம்.) தூள் வியாபாரத்தில் இதற்கு உபயோகப்படுவது கிளைசின், டாரின் என்பவை போன்ற மலிவான சரக்குகள். இவற்றைச் சேர்த்தால் நைட்ரஜன் ஏறும். காகிதத்தில் புரதமும் ஏறும். தின்றவன் உடம்பில் ஏறுவது ஒன்றுமில்லை. சீனாவில் 2008ல் தண்ணீர் கலந்த பாலின் குறையை மறைக்க மெலமைன் என்னும் நைட்ரஜன் சரக்கைக் கலந்து, அந்தப் பாலில் செய்த மாவைக் குழந்தைகளுக்கு விற்றார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்று, 6 குழந்தைகள் செத்தன. அந்தப் பாலும் பரிசோதனையில் தேறின பால்தான். ஆகவே தூள் வாங்குகிறவர்கள் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, கிளைசின், டாரின் என்று தனியாய்ச் சேர்த்திருந்தால் அதையும் புரதக் கணக்கில் ஏற்றியிருக்கிறதா என்று எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

இனி வீட்டுப் பரிசோதனை என்று ஒன்று பரவி வருகிறது. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைந்தால் அசலாம்! சர்க்கரையும்தான் கரைகிறது. நெருப்பில் காட்டினால் மயிர் கருகும் வாடை வந்தால் அசலாம்! ஒரு சிட்டிகை புரதம் இருந்தாலும் அந்த வாடை வரும். எவ்வளவு இருக்கிறது என்று வாடை சொல்லாது. அயோடின் சொட்டு விட்டு நீலக் கறுப்பானால் மாவு கலந்திருக்கிறதென்று கண்டு கொள்ளலாம் என்பது வாஸ்தவம். ஆனால் நிறம் மாறாததனால் தூள் யோக்கியமானது என்று ஏற்பட்டு விடாது.

அடுத்தபடியாக லைசென்சு. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டியது சட்டம். அந்த எண்ணை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் போட்டு, வரும் பெயரும் டப்பாவிலுள்ள கம்பெனிப் பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. பொருந்தாவிட்டால் தள்ளி விடலாம். பொருந்தினாலோ, அந்தப் பெயரில் ஒருவருக்கு லைசென்சு உண்டு என்றுதான் ஏற்படுமேயொழிய, உங்கள் கையிலுள்ள டப்பாவை யாரோ திறந்து பார்த்தார்கள் என்று ஏற்படாது. எண்ணை அச்சடிக்கத் தெரிந்தவனுக்குப் பிறர் எண்ணை அச்சடிக்கவும் தெரியும். முத்திரைக் காகிதமும், சுரண்டிப் பார்க்கும் ரகசிய எண்ணும் இப்படியே. காலியான டப்பாவை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாமல் உடைத்துப் போடுவது நல்லது.

பரிசோதனைப் பத்திரம் காட்டினால் மூன்றைப் பார்க்க வேண்டும். பத்திரத்திலுள்ள தயாரிப்புத் தொகுதி எண் உங்கள் டப்பாவின் எண்தானா? பரிசோதித்த சாலை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றதா? அச்சாலையைக் கேட்டால் பத்திரம் தங்களுடையதென்று ஒப்புக் கொள்கிறதா? போன வருஷத்துத் தொகுதியின் பத்திரம் இந்த வருஷத்து டப்பாவுக்குச் சாட்சியாகாது.

உடம்பு இளைக்க, ஆண்மைக்கு, ஒரே மாதத்தில் புஜம் பருக்க என்று விற்பவை இன்னும் மோசம். மருந்துச் சரக்கை மறைத்துக் கலந்த சத்துப் பொருள்களென்று அமெரிக்க சர்க்கார் 2007 முதல் 2016 வரை கண்டு பிடித்தவை 776. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்று வகையே. இவற்றில் "உடனே வேலை செய்கிறது" என்பதுதான் பயப்பட வேண்டிய அடையாளம்.

புரதத்தூளே பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. பாலிலிருந்து பிரித்த புரதம் நல்ல புரதந்தான். ஆனால் 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதமும், ஒரு முட்டையில் 6 கிராமும் இருக்கிறபோது, டாக்டர் சொல்லாமல் டப்பாவுக்கு ஓட வேண்டிய அவசரம் என்ன என்று கேட்கின்றோம்.

நிற்க, சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2006ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40வது பிரிவின்படி, வாங்கின எவரும் கட்டணம் கட்டி சர்க்கார் உணவுப் பகுப்பாய்வாளரிடம் பண்டத்தைப் பரிசோதிக்கலாம். குற்றம் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நல்ல பிரிவுதான். ஆனால் வாங்கும்போதே வியாபாரியிடம், "பரிசோதிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டுமென்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். இது கடை வாசலில் நின்று வாங்குகிறவனை நினைத்து எழுதினது. கைப்பேசியில் வாங்குகிறவன் யாரிடம் சொல்லுவான்? திரையைப் பார்த்தா? இந்த நிபந்தனையை இணைய வியாபாரத்துக்கு எடுத்துவிட்டு, சர்க்காரே பெயரைச் சொல்லாமல் சாதாரண ஜனங்களைப் போல் டப்பாக்களை வாங்கிப் பரிசோதித்து, முடிவைக் கம்பெனிப் பெயருடன் தமிழில் வெளியிட வேண்டுமென்று கேட்கின்றோம். அதுவரையில் பில்லையும், விற்றவர் பெயர் விலாசத்தையும், டப்பாவையும் பத்திரப்படுத்தி வைத்து, சந்தேகம் வந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். நுகர்வோர் குறைக்கு 1915 என்ற எண்ணில் பேசலாம்.