காலை மருந்து, காலை ஷிப்டு



அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்றொரு ஊர். அங்கே பெல்டன் நிறுவனத்தின் கேபிள் ஆலைக்குப் போதிய ஆள் கிடைக்கவில்லை. வேலை கேட்டு வந்தவர்களில் பலர் போதைப் பரிசோதனையிலேயே நின்றுபோனார்கள். வலி மாத்திரை, ஹெராயின், ஃபென்டனில் என்று நாட்டையே உலுக்கிய ஓபியாய்டு போதை அந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. 2018-இல் ஆலை நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது: பரிசோதனையில் தேறாதவரின் சிகிச்சைச் செலவை நாங்களே ஏற்கிறோம்; முடித்துவிட்டு வாருங்கள், வேலை தருகிறோம்.

"முதலில் முழுசாகத் திருந்தட்டும், வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. ஆனால், மீண்டு வருகிறவருக்குச் செய்ய ஒன்றுமில்லாத பகல்பொழுதுதான் பெரிய ஆபத்து. வேலையை ஏன் கடைசிவரை தள்ளிப்போட வேண்டும்? நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் மனநோயாளிகளுக்காக உருவாக்கிய முறை ஒன்று உண்டு. நோயாளி வேலை வேண்டும் என்றால் உடனே தேடத் தொடங்கிவிடுவார்கள். தேடித் தருகிறவர் சிகிச்சைக் குழுவோடு சேர்ந்தே இயங்குவார். வேலையில் சேர்ந்த பிறகும் கூடவே இருப்பார். ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கும் மெதடோன் மருந்தால் சிகிச்சை பெறுகிறவர்களிடமும் பின்னர் இதை முயன்று பார்த்தார்கள்; பலன் தெரிந்தது.

வேலை கிடைப்பதைவிட அதில் நிலைப்பது கடினம். மெதடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளைத் தொடக்க காலத்தில் பலர் தினமும் சிகிச்சை மையத்துக்கே போய், செவிலியர் கண்ணெதிரில் உட்கொள்ள வேண்டியிருக்கிறது. மையத்தின் வரிசையும் ஷிப்டும் ஒரே நேரமென்றால் ஒருவர் என்ன செய்வார்? மருந்தை விட்டால் ஏக்கம் திரும்பும். வேலைக்குத் தாமதமானால் சம்பளம் போகும். "அதுவும் போதைதானே" என்று மருந்தை நிறுத்தச் சொல்லும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அது தவறு, ஆபத்தும்கூட. உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. மருத்துவர் எழுதித் தந்த இம்மருந்துகளைச் சாப்பிடுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஒதுக்குவது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று அமெரிக்க நீதித் துறை 2022-இல் தெளிவுபடுத்தியது.

இது யாரோ தூரதேசத்தார் கதை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துகிறவர்கள் சுமார் 2.26 கோடி என்று 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு சொன்னது. அவர்களில் மீண்டு வருகிற ஒருவர் நாளை உங்கள் கடைக்கோ பட்டறைக்கோ வேலை கேட்டு வரலாம்.

அப்படி வந்தால், மருந்து நேரத்துக்குத் தோதாக ஷிப்டைத் தள்ளிக் கொடுங்கள். அவருடைய பழைய கதை உங்களோடு இருக்கட்டும். சக பணியாளர்கள் காதுக்குப் போக வேண்டாம். எப்போதாவது சறுக்கிவிட்டால், கணக்கை முடிப்பதற்கு முன் மருத்துவரிடம் அனுப்புங்கள். எங்கே கேட்பது என்று தெரியாத குடும்பங்கள் மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446-ஐ அழைக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்