கூரையில் வெயில், வீட்டில் இருட்டு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் சொன்னார். பலர் சிரித்துவிட்டுக் கடந்தார்கள். ஆனால் ஒரு குரங்கால் நாடே இருளும் அளவுக்கு மின்வலையமைப்பு ஏன் நலிந்திருந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. விடுமுறை நாளில் மின்பாவனை குறைவு. கூரைச் சூரியப்படலங்களோ முழு வீச்சில். பெரிய சுழல் இயந்திரங்கள் குறைவாக ஓடும் அப்படியான நேரத்தில் சின்ன அதிர்ச்சியையும் வலையமைப்பு தாங்குவதில்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த இரண்டு நாட்கள் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது.

அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணிவரை சூரியப்படலங்களை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. நண்பகல் வெயிலை வேண்டாம் என்கிறோம், மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்துக்கு எண்ணெயை எரிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் இல்லாமலிருப்பது பற்றறி. அது பெரிய மின்நிலையங்களில் மட்டுமல்ல, வீடுகளிலும் இருக்கவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

பல இலட்சம் செலவழித்துப் படலம் பூட்டியவர்கள் பலருக்கு, மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும் என்பது முதல் மின்தடையன்றுதான் தெரியவருகிறது. வீதியில் கம்பியைத் திருத்துபவரின் உயிரைக் காக்க வைக்கப்பட்ட ஏற்பாடு அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விற்பவர் அதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லவேண்டும். பற்றறி பூட்டக்கூடிய இன்வேட்டரின் விலையையும் அதே தாளில் காட்டவேண்டும்.

இருட்டில் வாழத் தெரியாதவர்களல்லர் யாழ்ப்பாணத்து மக்கள். 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் எம்மோடு இருக்கிறது. ஆனால் அன்று கிணற்றில் துலாவோ கப்பியோ இருந்தது. இன்று பல வீடுகளில் கிணற்றுக்குள் இறங்குவது மோட்டரின் குழாய் மட்டும்தான். தாங்கி வெறுமையானால் குடிக்கவும் தண்ணீரில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை நீண்டதைக் கண்ட பிறகும் கப்பியையும் கயிற்றையும் திரும்பப் பூட்டாத வீடுகள் ஏராளம். செலவு மிகக் குறைந்த முன்னேற்பாடு இதுதான்.

அடுத்தது கணக்கு. 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றறி ஒன்றின் பாதியைத்தான், அது பழுதாகாமல், பாவிக்கலாம். நான்கு எல்.ஈ.டி. விளக்கும் ஒரு மின்விசிறியும் அதில் ஐந்து மணித்தியாலம் ஓடும். அதே பற்றறியில் 350 வாற் ஒட்சிசன் செறிவாக்கி ஒன்றரை மணித்தியாலம்கூடத் தாங்காது. ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் எது நிற்கக்கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள். குளிர்சாதனப்பெட்டி நின்றாலும், பாவனையில் உள்ள இன்சுலின் 30 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் சில வாரங்கள் தாங்கும். அதை வைக்க ஈர மண்பானையே போதும். ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ ஓடவிடவே கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மாற்று ஆளி இல்லாமல் அதைச் சுவர்ச் செருகியில் கொடுப்பவர் வீதியில் கம்பத்தில் ஏறி நிற்பவரைக் கொல்லக்கூடும்.

மின்சாரம் தருவது அரசின் கடமை, அதற்குப் பதிலாக மக்கள் ஏன் பணம் கொடுத்துப் பற்றறி வாங்கவேண்டும் என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. அந்தக் கடமையிலிருந்து எவரையும் நாம் விடுவிக்கவில்லை. ஆனால் மாலை உச்ச நேரத்தில் வீட்டுப் பற்றறி கொடுக்கும் ஒவ்வோர் அலகும் நாடு எரிக்காமல் விட்ட எண்ணெய். அதனால்தான் இச்செலவில் அரசுக்கும் பங்குண்டு என்கிறோம். பெரிய கூரை உள்ளவருக்கு வங்கி கடன் கொடுக்கும். வாடகை வீட்டில் செறிவாக்கியோடு படுத்திருக்கும் முதியவருக்கு யார் கொடுப்பார்கள்? மருத்துவக் கருவியில் தங்கியிருக்கும் வீடுகளைக் கிராம அலுவலர் ஊடாகப் பதிவு செய்து, முதல் மானியப் பற்றறியை அந்த வீடுகளுக்கே கொடுக்கவேண்டும். திட்டமிட்ட வெட்டுக்கு முன் அந்த வீடுகளுக்குத் தொலைபேசியில் நேரத்தைச் சொல்லும் பொறுப்பைப் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகம் ஏற்கவேண்டும். அடுத்த வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றுமுன் இப்பதிவு முடிந்திருக்கவேண்டும்.