ரெட்ஷர்ட்: உட்கார்ந்திருக்கிற வருஷத்துக்கு பில் யார் கட்டறாங்க?

சம்பளம், எஸ்ஐபி, வரின்னு பேசற இடத்துல இன்னிக்கு அமெரிக்க காலேஜ் ஃபுட்பால். காரணம் இருக்கு. "ஒரு வருஷம் நிறுத்தி, தயாராகிட்டு, அப்புறம் இறங்கலாமா?"ன்னு நம்மள்ல பலருக்கும் ஒரு கேள்வி உண்டு. அங்க அதுக்கு விதியே இருக்கு. பேர் ரெட்ஷர்ட்.

பல வருஷமா இருந்துவர்ற விதி இதுதான். என்.சி.ஏ.ஏ. டிவிஷன் ஒன்ல, காலேஜ்ல சேர்ந்ததுலேர்ந்து வீரருக்கு 5 வருஷக் கடிகாரம் ஓடும். அதுக்குள்ள 4 சீசன் ஆடலாம். மீதி ஒரு வருஷம் ரெட்ஷர்ட். அந்த வருஷம் டீமோட பயிற்சி உண்டு, கிளாஸ் உண்டு, ஸ்காலர்ஷிப் இருந்தா அதுவும் தொடரும். மேட்ச் மட்டும் கிடையாது. ஃபுட்பாலுக்கு 2018ல ஒரு தளர்வு வந்தது: 4 மேட்ச் வரை ஆடினாலும் அந்த சீசன் கணக்குல சேராது.

இதுக்கு ஆதரவா எப்பவும் காட்டற உதாரணங்கள் உண்டு. ஜானி மன்ஸியல் 2011ல உட்கார்ந்தார், 2012ல ஹைஸ்மன் விருது. ஜேமிஸ் வின்ஸ்டன் 2012ல உட்கார்ந்தார், 2013ல அதே விருது. "பார்த்தீங்களா, பொறுமைக்குப் பலன்!"ம்பாங்க.

ஒரு நிமிஷம். இது மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்துல நல்லா ஏறின ஃபண்டை மட்டும் காட்டற மாதிரி. உட்கார்ந்து, அப்புறமும் இடம் கிடைக்காமப் போன பசங்க பேர் நமக்குத் தெரியாது. இன்னொரு விஷயமும் இருக்கு. இவங்க ரெண்டு பேருமே சேமிச்ச அந்தக் கூடுதல் வருஷத்தைப் பயன்படுத்தவே இல்ல. பள்ளி முடிச்சு 3 வருஷம் ஆனா என்.எஃப்.எல். கதவு திறக்கும், ரெட்ஷர்ட் வருஷமும் அந்த 3ல சேரும். அதனால ரெண்டு சீசன் மட்டும் ஆடிட்டு ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க.

அப்போ அந்த 5வது வருஷத்தோட மதிப்பு யாருக்கு? என் கருத்து: ஸ்டாருக்கு இல்ல, சராசரி வீரருக்குத்தான். 4 வருஷத்துல டிகிரி முடிச்சு, 5வது வருஷம் ஸ்காலர்ஷிப்லயே மேற்படிப்பு தொடங்கலாம். 2021 ஜூலைலேர்ந்து தன் பேர், முகத்தை வச்சு விளம்பரப் பணம் வாங்கலாம். 2025 ஜூலைலேர்ந்து காலேஜே நேரடியா வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் வருஷ உச்சவரம்பு ஒரு காலேஜுக்கு சுமார் 2.05 கோடி டாலர். என்.எஃப்.எல். போக வாய்ப்பில்லாத ஒருத்தருக்கு, விளையாட்டுல சம்பாதிக்கற கடைசி வருஷமே அதுவா இருக்கலாம். 2025ல, 5 வருஷமும் ஆடவிடணும்ங்கற பேச்சு பலமா எழுந்ததுக்கும் இந்த மதிப்புதான் ஒரு காரணம்னு நினைக்கறேன்.

ஆனா முடிவு யார் கையில? பெரும்பாலும் கோச் கையில. 18 வயசுப் பையனை ஒரு வருஷம் வளர்த்து, 22, 23 வயசுல ஆடவைக்கறது அவருக்கு லாபம். தப்பு இல்ல. ஆனா நடுவுல அந்தக் கோச் வேற காலேஜுக்குப் போயிட்டா? பையனோட சேமிப்பு புது கோச்சோட தயவுல நிக்கும்.

2024ல யு.என்.எல்.வி. குவார்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, முதல் 3 மேட்ச் ஜெயிச்ச கையோட விலகினார். சொன்ன பணம் வரலைன்னு அவர் தரப்பு. காலேஜ் தரப்பு அதை ஏத்துக்கல. யார் சரின்னு நான் தீர்ப்பு சொல்லலை. ஆனா 4 மேட்ச் தாண்டாததால ரெட்ஷர்ட் விதி அவர் சீசனைக் காப்பாத்திச்சு. நிறைய பேர் அவரைத் திட்டினாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கோச் பாதியில போனா "கரியர் மூவ்", பையன் போனா துரோகமா? பிரச்சினை வேற இடத்துல. எல்லாம் எழுத்துல தெளிவா இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆஃபர் லெட்டர்ல இல்லாத இன்க்ரிமென்ட், இன்க்ரிமென்டே இல்ல.

இப்ப நம்ம கதை. "வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் படிக்கப்போறேன், இதுவும் ரெட்ஷர்ட் மாதிரிதானே?" இல்லங்க. ரெட்ஷர்ட் பையனுக்கு ஸ்காலர்ஷிப் இருந்தா ஃபீஸ், சாப்பாடு, தங்கற இடம் எல்லாம் வேற ஒருத்தர் கட்டறார். தினமும் டீமோட பயிற்சி எடுக்கறான். நீங்க ரிசைன் பண்ணிட்டு வீட்டுல உட்கார்ந்தா இஎம்ஐ உங்க அக்கவுன்ட்லேர்ந்துதான் போகும்.

அதனால முடிவெடுக்கும் முன்னாடி 3 கேள்வி:

1. உட்கார்ந்திருக்கிற வருஷத்துக்கு பில் யார் கட்டறாங்க? நீங்கதான்னா, 12 மாசச் செலவும் இஎம்ஐயும் முதல்ல கையில இருக்கணும். எமர்ஜென்சி ஃபண்ட் அதுக்கு மேல தனியா.

2. இப்ப முடியாத எது, வருஷக் கடைசியில உங்களால முடியும்? ஒரே வரியில எழுத முடியலன்னா, அது பிளான் இல்ல, ஆசை.

3. அந்த வருஷம் முடிஞ்சப்புறம் கதவு திறக்கறது யார் கையில? மேனேஜர் வாய்வார்த்தையா சொல்லியிருந்தா, ஒரு மெயில் வாங்கிடுங்க.

மூணுக்கும் தெளிவா பதில் இருந்தா தைரியமா உட்காருங்க. கம்பெனியே சம்பளத்தோட ஸ்டடி லீவ் கொடுத்தா யோசிக்கவே வேண்டாம், அதுதான் நிஜமான ரெட்ஷர்ட். பதில் இல்லன்னா, வேலையில இருந்துகிட்டே படிங்க. கொஞ்சம் லேட் ஆகும், பரவாயில்ல.

பிரேக் எடுக்கற யோசனையில இருக்கறவங்க, 3 கேள்விக்கும் உங்க பதிலை கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோல நம்பர் போட்டே பார்த்துடலாம்.